வெயில் நல்லா அடிக்கிற இடம்

எனக்கு முன்னால் பேசியவர் நாற்பது படம் போட்டுக் காட்டினார். பின் வரிசையில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். எட்டாவது படத்தில் கண் அசந்துவிட்டது, அவர் என்னை மன்னிக்க வேண்டும். சோலார் பேனல் எப்படி வேலை செய்கிறது, மத்திய அரசு எவ்வளவு தரும், மாநில அரசு எவ்வளவு போடும், எந்தப் படிவத்தை எங்கே ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்களான உங்களுக்கு இப்போது தெரியும். எனக்கு ஒதுக்கியிருப்பது சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரம். கீழே தாளிக்கிற வாசனை கிளம்பிவிட்டது. ஆகவே பாடம் நடத்தப் போவதில்லை. ஊரக வளர்ச்சித் துறையில் முப்பத்து நான்கு வருடம் பொறியாளராக இருந்து நான் செய்த தப்புகளில் ஒன்றைச் சொல்கிறேன். கைவசம் நிறைய இருக்கிறது. இது கொஞ்சம் சிரிக்கும்படி இருக்கும் என்பதால் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் என் வலது கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். யாராவது பேச வாயெடுத்தால், அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வரும். உடனே வலது உள்ளங்கை தானாக மேலே எழும்பும். திருத்தங்கல் பக்கம் போக்குவரத்துக் காவலர் லாரியை நிறுத்துவார் பாருங்கள், அந்த மாதிரி. ஒப்பந்தக்காரர், ஓவர்சியர், ஊர்க்காரர், யாராக இருந்தாலும் அந்தக் கைக்கு முன்னால் நின்றுவிடுவார்கள். வீட்டில் மட்டும் அது எழும்பாது. ஒரே ஒரு தடவை எழும்பியது, அன்றைக்கு நான் ஓட்டலில் சாப்பிட்டேன். அலுவலகத்தில் அதை நிர்வாகத் திறமை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு திட்டம் வந்தது. கிராமத்துக் குடிநீர் மோட்டாரைச் சோலாரில் ஓட்ட வேண்டும், அதோடு குழாய் போகாத தெருக்களுக்குக் குழாயும் போட்டுக்கொள்ளலாம். பணம் இரண்டு தவணையாக வரும். முதல் தவணையில் பேனல், மோட்டார், தொட்டி. ஆய்வுக்கு மேலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து, ஒழுங்காக ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தால்தான் இரண்டாம் தவணை. தெருக்குழாய் அந்தப் பணத்தில்தான். நல்ல திட்டம். ஆனால் வழக்கம்போல, கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது மார்ச் மாதம் முடிய நாலே நாள். ஊரையும் இடத்தையும் இன்று சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்பாவிட்டால் பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று காலையில் போன் வந்தது. உங்களுக்கும் வரும். அந்தப் போனுக்கு ஓய்வு வயது கிடையாது.

ஆனைக்குட்டம் போகும் வழியில் இருக்கும் ஓர் ஊருக்கு ஜீப்பை விட்டேன். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்றைக்கும் அங்கே போனால் எனக்குக் காபி கிடைக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்வானேன். ஒரு தலைமுறைக்கு முன்னால் விவசாயக் கூலியாகக் காட்டு வேலைக்குப் போன குடும்பங்கள், இப்போது பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் போகின்றன. கம்பெனிக்குப் போக முடியாத பெண்கள் வீட்டிலேயே காகிதக் குழாய் உருட்டுவார்கள். பட்டாசின் மேலுறை அதுதான். மருந்து அடைக்கிற வேலையெல்லாம் கம்பெனிக்குள் நடக்கும். வீட்டில் உருட்டுவது வெறும் காகிதமும் மைதாப் பசையும் மட்டுமே. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் பிறகு ஒரு பெரிய அதிகாரி ஓடப் போகிறார்.

ஊராட்சித் தலைவர் பேச்சியம்மாள். இருபது வருடம் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் விரல்கள் சும்மாவே இருக்காது, பேசிக்கொண்டே பஸ் டிக்கெட்டைப் பெட்டியாக மடித்துவிடுவார். ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. குழாய் இருப்பது மேலத்தெருவில். கீழத்தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருவுக்கு வந்து, அங்கே எல்லாரும் பிடித்து முடிக்கும் வரை காத்து நிற்க வேண்டும். பேச்சியம்மாள் வீடு கீழத்தெருவில். தலைவரான பிறகும் அவரும் குடத்தோடு அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

காலை எட்டு மணிக்குப் போய் இறங்கினேன். நேரம் இல்லாத ஆள் கேட்கிற தோரணையில் கேட்டேன்.

"பேச்சியம்மா, உங்க ஊர்லயே வெயில் நல்லா அடிக்கிற இடம் எது?"

கூடி நின்ற இருபது பேரும் ஒரே திசையில் கை காட்டினார்கள். பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாலே மூன்று திசையில் கை நீளும் ஊர்களில் வேலை பார்த்தவன் நான், எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

"பாறையைத்தான் சார் சொல்லணும்," என்றார் ஒருவர். "அம்புட்டு வெயிலும் அங்கனதான் வந்து உக்காரும்."

போய்ப் பார்த்தேன். ஊருக்குத் தெற்கே, போர்வெல்லுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஒரு பெரிய பாறை. மரமில்லை, கட்டடமில்லை, நிழலென்று பேருக்குக்கூட ஒன்றில்லை. கூட்டிப் பெருக்கி விட்டதுபோல் சுத்தமாக இருந்தது. ஆள் நடமாட்டமில்லாத ஒரு பாறை ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஒரு பொறியாளனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. அஸ்திவாரச் செலவு மிச்சம் என்றுதான் தோன்றியது. படிவத்தை ஜீப்பின் முன்பக்கம் வைத்து, 'இடத்தின் தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்தில் 'காலி இடம்' என்று எழுதினேன். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தார்.

"காலி எடம்னு எழுதிட்டீகளே சார். அங்கன வந்து..."

கை எழும்பியது.

"ஒரு நிமிசம் சார், நான் என்ன சொல்ல வாரேன்னா..."

கை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. "இங்க பாருங்கம்மா, இது சாயங்காலத்துக்குள்ள போகணும். இடத்தைப் பத்திப் பேச்சு வந்துச்சுன்னா உங்க ஊரை அடிச்சிட்டு வேற ஊரை எழுதிருவேன். தண்ணி வேணுமா, பேச்சு வேணுமா?"

அவர் என்னையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கையில் இருந்த டிக்கெட் பெட்டி நசுங்கியது.

"தண்ணி வேணும் சார்," என்றார். பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "மொதல்ல மேலத்தெருத் தொட்டியை முடிங்க. எங்க தெரு ரெண்டாந் தவணைல இருக்கட்டும். தலைவரானதும் தன் வீட்டுக்கு மொதல்ல இழுத்துக்கிட்டான்னு ஒரு சொல்லு வரக் கூடாது."

அதையும் எழுதிக்கொண்டேன். ஆகக் கீழத்தெருவுக்குத் தண்ணீர் வருவதும் வராததும் அந்த ஆய்வு அதிகாரி எழுதப்போகும் ஒற்றை வரியில் போய் நின்றது. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் பங்குனிக்குள் வேலை நன்றாகவே முடிந்தது. பாறை மேல் நாலு வரிசை பேனல், சுற்றிலும் கம்பிவேலி, கேட்டுக்குப் பூட்டு, சாவி டேங்க் ஆபரேட்டர் சுப்பையாவிடம். தொடக்க விழாவில் தண்ணீர் பீறிட்டு வந்தபோது என் வேட்டி நனைந்தது. போட்டோவில்கூடத் தெரியும்.

ஒரு மாதம் கழித்துத்தான் வினை ஆரம்பித்தது. பேனலிலிருந்து எவ்வளவு மின்சாரம் வருகிறது என்பது எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் கோடாக வரும். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் கண்காணிப்பாளர் இருந்தார். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் சண்டைக்கு வருவார். எந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையும் அவருக்குப் பக்கம் பக்கமாக மனப்பாடம். அவர்தான் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"எல்லா ஊர்லயும் கோடு காலைல ஏறி, உச்சியில நின்னு, சாயங்காலம் இறங்குது சார். இந்த ஊர்ல மட்டும் உச்சியை யாரோ கடிச்சுத் தின்ன மாதிரி இருக்கு."

உண்மைதான். தினமும் பத்து மணிக்குக் கோடு பாதியாக விழுந்து, நாலு மணிக்கு மேல் சரியானது. சுப்பையாவுக்குப் போன் போட்டேன்.

"தண்ணி வருதாலே?"

"வருது சார்."

"மோட்டார் ஓடுதா?"

"ஜம்முனு ஓடுது சார்."

"பின்ன ஏன் மத்தியானம் பாதிதான் காட்டுது?"

"வெயிலு கம்மி சார்," என்றார்.

சித்திரை மாதம், சிவகாசி வட்டாரம், மத்தியானம் பன்னிரண்டு மணி, வெயில் கம்மி! இதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்த நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனல் கொடுத்த கம்பெனிக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். அப்படி ஆறு கடிதம் எழுதினேன். கம்பெனிக்கார டெக்னீசியன் பாவம், முதல் பஸ்ஸில் வந்து எட்டரை மணிக்கு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டுப் பத்து மணிக்கு முன்னால் கிளம்பிவிடுவார். நான் ஏழாவது கடிதத்துக்குத் தயாரானேன்.

"ஒண்ணு கவனிச்சீங்களா சார்?" என்றார் கண்காணிப்பாளர். "ஞாயித்துக்கிழமை மட்டும் கோடு முழுசா இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு நேர் எதிரா, லீவு நாள்ல மட்டும் வேலை பார்க்குது. ஒரு நாள் மத்தியானம் நேர்ல போய்..."

கை எழும்பியது. ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரக் கம்பெனிகள் இயங்காது, அதனால் காற்றில் தூசி குறைவு, அதனால் ஒளி அதிகம் என்று இரண்டு பக்கத்துக்கு நான் ஒரு கொள்கையே எழுதி வைத்திருந்தேன். நேரில் போயிருந்தால் ஒரு பெட்ரோல் செலவோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த மத்தியான வெயிலில் யார் போவது?

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், சீசன் உச்சத்தில் இருந்த சமயம், ஆய்வு அதிகாரி வந்தார். வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. காலை ஒன்பது மணிக்கு ஊரில் ஆய்வு என்று ஏற்பாடு. மதுரையில் ஏதோ கூட்டம் இழுத்துவிட்டது, விருதுநகர் வந்து சேரவே பதினொன்றாகிவிட்டது. எங்கள் ஜீப்பிலேயே அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மனிதர் வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். புகை பிடிக்காதே என்று ஒரு போர்டு, அபாயம் என்று ஒரு போர்டு, சிவப்புக்கொடி கட்டிய லோடு வண்டி ஒன்று. "இதெல்லாம் வெடிக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கவனமாக இருந்தால் வெடிக்காது என்றேன். ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் டிரைவரிடம் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று சைகை காட்டினார்.

பாறை கண்ணுக்குத் தெரிந்தது. பேனல்கள் மேல் சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று கலர் கலராகத் துணி. நமக்கு வரவேற்பு அலங்காரம் போலிருக்கிறது என்று ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கிட்டப் போனதும் தெரிந்தது, அத்தனையும் பழைய சேலை. நாலு வரிசையில் இரண்டு வரிசையை முழுசாக மூடி, மூலைக்கு மூலை இழுத்துக் கட்டி, அதன் மேல் காகிதக் குழாய்களைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் உள்ளே நின்று திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுப்பையா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், கேட்டைப் பூட்டியது. பெண்கள் உள்ளே, நாங்கள் வெளியே.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி இரண்டு எட்டு வைத்தார். குழாய்களைப் பார்த்தார். மத்தியான வெயில், கொதிக்கிற கண்ணாடி, அதன் மேல் ஆயிரக்கணக்கில் பட்டாசு! அவர் கணக்கில் அது அப்படித்தான். முகம் வெளுத்துவிட்டது. திரும்பி ஓட ஆரம்பித்தார். நேராகப் போய்ச் சீமைக் கருவேலம் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அதில் முள் இருக்கும் என்பது அவருக்கு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் டிரைவர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பிகளா, அந்த நேரத்தில் உங்களுக்கு யோசிக்க அரை நிமிடம்தான் கிடைக்கும். அது பட்டாசு இல்லை, வெறும் குழாய் என்று சொன்னால், அரசாங்கப் பேனலைக் காயப்போடும் மேடையாக ஆக்கிவிட்டார்கள் என்று எழுதுவார், இரண்டாம் தவணை போச்சு. ஒன்றும் சொல்லாவிட்டால், வெடிபொருள் என்று எழுதுவார், தவணையோடு என் ஓய்வூதியமும் போச்சு. புதர் ஓரமாகக் குனிந்து, வாயில் வந்த ஆங்கிலத்தில் ஒரு பொய் சொன்னேன்.

"சார், இது ஒரு பரிசோதனை. சூடு அதிகமானால் பேனலின் திறன் குறையும் அல்லவா? துணியால் மூடிச் சூட்டைக் குறைத்துப் பார்க்கிறோம்."

"அந்தக் குழாய்கள்?"

"காற்றோட்டத்துக்கு."

முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவர் குறிப்பேட்டை எடுத்தார். "நல்ல யோசனையாக இருக்கிறதே. எந்தக் கல்லூரியோடு சேர்ந்து செய்கிறீர்கள்?"

அதற்குள் பேச்சியம்மாள் சுப்பையாவை அதட்டிக் கேட்டைத் திறக்க வைத்து வெளியே வந்துவிட்டார். "ஏலே, பெரிய ஆளு வந்திருக்காக, பூட்டிக்கிட்டு நிக்க? தெறலே!" கையில் ஒரு குழாய். புதருக்கு நேரே வந்து நின்று, அதைக் கண்ணில் வைத்து அதிகாரியைப் பார்த்தார்.

"பயப்படாதீக ஐயா. உள்ள ஒண்ணுமே கெடையாது. இந்தா, உங்க மூஞ்சி தெரியுது பாருங்க."

இன்னொரு குழாயை அவரிடம் நீட்டினார். அதிகாரி தயங்கித் தயங்கி வாங்கித் தன் கண்ணில் வைத்தார். இவர் அந்தக் குழாய் வழியாக அவரைப் பார்க்க, அவர் இந்தக் குழாய் வழியாக இவரைப் பார்க்க, கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதரை விட்டு எழுந்து வந்தார்.

பேச்சியம்மாள் பேச ஆரம்பித்தார். பாறைதான் ஊருக்கே குழாய் காயப்போடும் இடம் என்பது, பேனல் வந்ததும் பாறை போனது, கம்பெனி வேன் ஞாயிறு தவிர தினம் ஐந்து மணிக்கு லோடு எடுக்க வருவது, ஈரக் குழாயை அவர்கள் எடுக்காதது, ஊர் கூடி இரண்டு வரிசை தண்ணீருக்கு, இரண்டு வரிசை குழாய்க்கு என்று பங்கு வைத்தது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

"உங்களை வரவேற்கிறார் சார்," என்றேன்.

பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அம்புட்டு நேரம் பேசினேன். நீங்க ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டீகளே சார்?"

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்த லட்சணத்தைத்தான் நாங்க பாத்தோமே," என்றவர், என்னை விட்டுவிட்டு அதிகாரியை நோக்கிக் கையாலேயே பேச ஆரம்பித்தார். என்னைக் காட்டினார். எட்டு விரலைக் காட்டினார். பாறையைக் காட்டி, குனிந்து குழாய் பரப்புவதுபோல் காட்டினார். ஜீப்பின் முன்பக்கம் படிவம் எழுதுவதுபோல் எழுதிக் காட்டினார். அப்புறம் ஒரு பெண் பேச வாயைத் திறப்பதுபோல் திறந்தார். கடைசியாக, தன் வலது உள்ளங்கையை உயர்த்தினார். என் சுண்டுவிரல் லேசாக வளைந்திருக்கும். அவர் அதையும் வளைத்தார்.

அந்த நேரம் பார்த்து, அவரை நிறுத்துவதற்காக என் கை தானாக எழும்பி நின்றுகொண்டிருந்தது. அதிகாரி அவர் கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடியும் அவர் கையைப் பார்த்தார். மொழிபெயர்ப்புக்கு அதற்கு மேல் வேலையே இல்லை. உள்ளே நின்ற பெண்கள் அத்தனை பேரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. கையை இறக்கினேன். பரிசோதனையும் இல்லை, கல்லூரியும் இல்லை, எட்டு மணிக்கு வந்து ஒருத்தர் பேச்சையும் கேட்காமல் காலி இடம் என்று எழுதிக்கொண்டு போனவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். பேச்சியம்மாள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். சொல்லி முடித்தபோது ஆறு கடிதம் வாங்கிய அந்த டெக்னீசியன் நினைவுக்கு வந்து இன்னும் கஷ்டமாக இருந்தது. அவருக்குப் பிற்பாடு சாத்தூர்க் காரச்சேவு இரண்டு கிலோ வாங்கி அனுப்பினேன், அது வேறு விஷயம்.

அதிகாரி வேலிக்குள்ளே போனார். ஒரு சேலையின் ஓரத்தைத் தூக்கிக் கண்ணாடியை விரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். இன்னொரு வரிசைக்குப் போய் அங்கேயும் தேய்த்தார்.

"நான் போன ஊர்களில் எல்லாம் பேனல் மேல் விரலால் என் பெயரை எழுதலாம், அவ்வளவு தூசி. இங்கே யார் துடைக்கிறார்கள்?"

கேட்டேன். "தூசி மேல சேலையை விரிச்சா சேலை என்னத்துக்கு ஆகும்?" என்றார் பேச்சியம்மாள். "காலைலயும் தொடைக்கோம், சாயங்காலமும் தொடைக்கோம். பசை பட்டா நீங்க கோவிப்பீகன்னுதான் சேலையே கட்டினோம்."

சுப்பையா, தொட்டி நிரம்பும் நேரத்தைக் குறித்து வைக்கும் நோட்டை நீட்டினார். பாதிப் பேனலிலேயே மேலத்தெருத் தொட்டி தினமும் சாயங்காலம் நிரம்பியிருந்தது. துடைத்த கண்ணாடியின் வேலை அது. அதிகாரி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆனால் கீழத்தெருவையும் சேர்த்தால் நாலு வரிசையும் தண்ணீருக்கே வேண்டும். அப்போது இந்தக் குழாய்கள் எங்கே போகும்? போக இடம் இல்லையென்றால் மறுபடியும் இங்கேதான் ஏறும். அப்படியிருக்க நான் எப்படி இரண்டாம் தவணைக்கு எழுதுவது?"

நியாயமான கேள்வி. அதைப் பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"தண்ணி வேணும்னா குழாயை விடணும், குழாய் உருட்டணும்னா தண்ணியை விடணுமாக்கும்?" என்றார். "எங்க தெருவுல பாதி வீட்டுல இந்தக் குழாய்லதான் சார் ஒலை கொதிக்கி. கொதிக்க வைக்கத் தண்ணி வந்துரும், போட அரிசி? நீங்களே சொல்லுங்க, எதை விட?"

எனக்கு ஒன்றும் ஓடாமல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கண்காணிப்பாளர் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கே மத்தியானம் நேர்ல போங்கன்னு சொல்ல வந்தேன்," என்றார். "சரி, இப்ப கையைக் கீழ போட்டுட்டுக் கேளுங்க." கை உண்மையிலேயே பாதி எழும்பித்தான் இருந்தது, போனில் அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "வழிகாட்டு நெறிமுறைல பின்னிணைப்பைப் பாருங்க. பேனலைச் சுத்தம் பண்ற ஆளுங்க நின்னு வேலை பார்க்க மேடை கட்டலாம். ரெண்டாம் தவணைலயே கட்டலாம். அகலம் இடத்தின் தேவைக்கேற்ப. எத்தனை அடின்னு போடலை."

அதிகாரி பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவர் துறை போட்ட புத்தகம்தான், அந்த வரியை அவரும் அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு பேச்சியம்மாளைப் பார்த்தார். "இந்த அம்மாவைக் கேளுங்கள். தினமும் பேனல் துடைக்க எவ்வளவு அகலமான மேடை வேண்டும்?"

இந்தத் தடவை ஒழுங்காக மொழிபெயர்த்தேன். பேச்சியம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. பேனல் வரிசை ஓரமாக நின்று, எட்டு வைத்து நடக்க ஆரம்பித்தார். நடந்தார். வேலி வரை போனார். கேட்டைத் திறக்கச் சொல்லி வெளியேயும் நடந்தார். பாறை முடிகிற இடத்தையும் தாண்டி, வண்டிப்பாதை வரை போய்த் திரும்பி நின்று கையைத் தூக்கினார்.

"துடைப்பதற்கு இவ்வளவா?" என்றார் அதிகாரி.

"தொடைக்கவங்க கையைக் காலை வீசி நடக்க வேணாமா?" என்றார் பேச்சியம்மாள்.

அதிகாரி எதையும் மறைத்து எழுதவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். பேனலைக் காலையும் மாலையும் ஊர்ப் பெண்கள் சுத்தம் செய்கிறார்கள், அதற்கு மேடை தேவை, மற்ற நேரத்தில் அந்த மேடையில் அவர்கள் காகிதக் குழாய் உலர்த்திக்கொள்வார்கள், பேனலில் வைக்கமாட்டார்கள் என்று பச்சையாகவே எழுதினார். வேலிக்கு வெளியே வண்டிப்பாதை வரை போகவில்லை, வேலி வரைதான் கொடுத்தார். போகும்போது அந்தக் குழாயைக் குறிப்பேட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். ஜீப்பில் ஹாரன் அடிக்கவும் அனுமதித்தார்.

இரண்டாம் தவணை வந்தது. மேடை கட்டினோம், கீழத்தெருவுக்குக் குழாய் போட்டோம். தண்ணீர் திறந்த அன்று நானும் போயிருந்தேன். மேடை முழுக்கக் குழாய் காய்ந்துகொண்டிருந்தது, நாலு வரிசைப் பேனலும் கண் கூசும்படி மின்னியது. கீழத்தெரு முதல் குழாயில் தண்ணீர் வந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. பேச்சியம்மாள் தன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சார், அன்னைக்கு எட்டு மணிக்கு நான் என்ன சொல்ல வந்தேன்னு இன்னி வரைக்கும் நீங்க கேக்கவே இல்லையே."

"அதான் தெரியுமேம்மா. பாறையில குழாய் காயப்போடறோம்னு சொல்ல வந்தீங்க."

"அது இல்ல சார். அது ஊருக்கே தெரியும், அன்னைக்குப் பத்து மணி வரைக்கும் நின்னிருந்தா உங்களுக்கும் தானா தெரிஞ்சிருக்கும்." போர்வெல்லுக்கு அந்தப் பக்கம், கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். "அந்தா கெடக்குல, அது எங்க குடும்பத்துப் பங்கு. வெதைக்கவும் ஆகாது, குழாய் பரப்பவும் ஆகாது, கால் வச்சா கிழிச்சிரும். ஆனா பாறைல அடிக்கிற அதே வெயிலுதான் அங்கனயும் அடிக்கி. உங்க பேனல் கம்பியை அதுல நட்டுக்கோங்க, ஊராட்சிக்குச் சும்மாவே எழுதித் தாரேன்னு சொல்ல வந்தேன்."

ஆறு கடிதம், இரண்டு பக்கக் கொள்கை, புதருக்குள் உட்கார்ந்த ஓர் அதிகாரி, ஒரு மேடை, இத்தனை மாதம் இவர்கள் வெயிலைப் பங்கு போட்டுத் தின்றது, எல்லாமே அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுக்காத ஒரு நிமிடத்தால் வந்தது.

"அந்தப் பெரிய அதிகாரி வந்தப்பவாவது இதைச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"வெளியூர்க்காரர் முன்னாடி உங்களை எம்புட்டுத்தான் அசிங்கப்படுத்த? ஏதோ பாதியோட நிறுத்திக்கிட்டேன்."

மார்ச் மாதம், போன், சாயங்காலக் கெடு என்று ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். பேச்சியம்மாள் வலது உள்ளங்கையை உயர்த்தினார். சுண்டுவிரல் லேசாக வளைந்திருந்தது.

"நில்லுங்க சார். எங்க வீட்டுக் குழாய்ல தண்ணி பிடிச்சிட்டு வந்துருதேன்," என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு போனார்.

நான் நின்றேன்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள். என் கை இரண்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள்தான் இருக்கின்றன.